ரெண்டு அணு எவ்வளவு நெருங்கலாம்?

கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு பியூட்டி பார்லர் கண்ணில் படும். கல்யாண சீசன் வந்தால் அங்கே ஹேர் ஸ்ட்ரெயிட்டனிங்குக்குத்தான் கூட்டம். முதலில் ஒரு க்ரீம் தடவுவாங்க, நாற்றம் மூக்கைத் துளைக்கும். கழுவி, காயவைத்து, அயர்ன் பண்ணி, அப்புறம் நியூட்ரலைசர் என்று இன்னொன்று போடுவாங்க. சுருள் முடி நேராகிவிடும். நீங்களே போயிருக்கலாம், இல்லை உங்க அக்கா போய்விட்டு வந்து இரண்டு நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்ததைப் பார்த்திருக்கலாம்.

உள்ளே நடப்பது சுத்தமான கெமிஸ்ட்ரி. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏராளம். சிஸ்டீனின் நுனியில் ஒரு கந்தக அணு, அதோடு ஒரு ஹைட்ரஜன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிஸ்டீன்கள் ஹைட்ரஜனை இழந்தால் இரண்டு கந்தகமும் கைகோத்துக்கொள்ளும். இதுதான் டைசல்ஃபைடு பிணைப்பு. ஹைட்ரஜன் போனது ஆக்ஸிடேஷன், திரும்ப வந்தால் ரிடக்ஷன். முதல் க்ரீம் அந்தக் கைகளைப் பிரித்துவிடுகிறது, நியூட்ரலைசர் புது இடத்தில் திரும்பக் கோத்துவிடுகிறது. பிளஸ் டூ பாடம்தான்.

இப்போது கொஞ்சம் நின்று யோசிங்க. ஒரு புரதத்தில் இந்த இரண்டு கந்தகம் கை கோத்திருக்கா, சும்மா பக்கத்தில் நிற்குதா என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்க்க முடியாது. புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே அடித்து, ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டு, தூரத்தை அளந்துதான் சொல்ல முடியும். அந்தக் கணக்குக்கு அடிப்படையான இரண்டு விஷயங்களைச் செய்து கொடுத்தவர் நம் ஊரில், கிண்டியில் வேலை பார்த்தவர். சர்டிஃபிகேட் வேலையா அண்ணா யுனிவர்சிட்டிக்கு அலைந்திருப்பீங்க. அதற்குப் பக்கத்திலேயே மெட்ராஸ் யுனிவர்சிட்டியின் கிண்டி வளாகம் இருக்கிறது. அங்கேதான். பெயர் ஜி.என். ராமச்சந்திரன். பயோடெக் மக்களுக்கு அவர் பெயர் ஒரு ப்ளாட்டின் பெயராகத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. எனக்கும் தேர்ட் இயர் வரை அவ்வளவுதான் தெரியும்.

1922 அக்டோபர் 8-ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் கோபாலசமுத்திரம், பெயரில் இருக்கும் ஜி அதுதான். அப்பா நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். கணக்கு வீட்டிலேயே வந்துவிட்டது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பிசிக்ஸ் ஹானர்ஸ் முடித்துவிட்டு 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். எந்த டிபார்ட்மென்ட் தெரியுமா? எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். அங்கே பிசிக்ஸில் சர் சி.வி. ராமன் இருந்தார். பையனைப் பார்த்த ராமன், எலக்ட்ரிக்கல் ஹெட்டிடம் போய், இவன் உங்க துறைக்குக் கொஞ்சம் அதிகப்படியான புத்திசாலி, நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி சொல்லித் தன் பக்கம் இழுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ட்ரிபிள்-ஈ நண்பர்கள் கோபப்பட வேண்டாம், சொன்னது நான் இல்லை.

ராமனிடம் படிகங்களும் ஒளியும் படித்தார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டரிடம் எக்ஸ்ரே சிதறலில் பிஎச்.டி. திரும்பி வந்து பெங்களூரில் மூன்று வருஷம். 1952-இல் மெட்ராஸ் யுனிவர்சிட்டியின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் புதிதாக ஒரு பிசிக்ஸ் துறை தொடங்க ஆள் தேடினார். ராமனைக் கேட்டார். ராமன் தன் மாணவரைக் கை காட்டினார். முப்பது வயதில் பேராசிரியர், துறைத்தலைவர், எல்லாம் ஒன்றாக. கையில் ஒரு எக்ஸ்ரே ஆய்வுக்கூடம், ஆனால் எதை ஆராய்வது என்று முடிவாகவில்லை.

அந்த நேரத்தில் சென்னைக்கு வந்தவர் இங்கிலாந்தின் ஜே.டி. பெர்னால், எக்ஸ்ரே படிகவியலில் பெரிய தலை. பேச்சுவாக்கில், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொன்னார். கொலாஜன் என்பது தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கிற கயிறு. உங்க உடம்பில் அதிகம் இருக்கும் புரதம் அதுதான். தோல் வேண்டுமென்றால் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், கூப்பிடு தூரம். அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. ஆமாம், கங்காருதான், கொலாஜன் அதில் ஒழுங்காக அடுக்கியிருக்கும், எக்ஸ்ரே படம் தெளிவாக விழும்.

கோபிநாத் கர்த்தா என்ற இளைஞரோடு சேர்ந்து வேலை செய்தார். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன். அமினோ அமிலங்களிலேயே சிறியது, பக்கக் கிளையே இல்லாதது. இது ஏன் சரியாக மூன்றில் ஒன்று? மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் நடுவில் இடம் கொஞ்சம்தான் இருக்கும், அங்கே கிளைசீன் மட்டும்தான் நுழையும். ஒவ்வொரு மூன்றாவது இடமும் உள்பக்கம் பார்த்தால் கணக்கு ஒத்துப்போகிறது. 1954-இல் நேச்சர் இதழில் முதல் மாதிரி வந்தது. 1955-இல் மூன்று சங்கிலிகளும் பின்னல் மாதிரி ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும் என்ற திருத்தமும் வந்தது. டபுள் ஹீலிக்ஸ் வந்த அடுத்த வருஷமே சென்னையிலிருந்து ட்ரிபிள் ஹீலிக்ஸ்.

அடுத்து நடந்ததை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படிங்க. கேம்பிரிட்ஜிலிருந்து ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் 1955-லேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மூன்று சங்கிலி சரி, முறுக்கு சரி. ஆனால் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று ராமச்சந்திரன் போட்டிருக்கிறார், அப்படிப் போட்டால் சில அணுக்கள் இடிக்கும், ஒன்றுதான் சாத்தியம் என்றார்கள். இன்றைய பார்வையில் அடிப்படை யோசனை ராமச்சந்திரனுடையது, பிணைப்பின் எண்ணிக்கையில் கிரிக், ரிச் பக்கம்தான் நியாயம். நம்ம ஊர்க்காரர் என்பதால் இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த விமர்சனத்துக்கு அடியில் ஒரு கேள்வி இருந்தது. அணுக்கள் இடிக்கும் என்றால், எவ்வளவு நெருங்கினால் அது இடி? அதற்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை. பொதுவான ஆர அளவுகள் புத்தகத்தில் இருந்தன, ஆனால் உண்மையான படிகங்களில் அணுக்கள் அதைவிட நெருங்கி நிற்கின்றனவா என்று யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ராமச்சந்திரனின் குழு உட்கார்ந்தது. அதுவரை வெளியான அமினோ அமில, பெப்டைடு படிகங்களை எல்லாம் எடுத்து, பிணைப்பில்லாத அணுக்களுக்கு இடையிலான தூரங்களைத் தொகுத்தார்கள். வந்தது ஒரு சின்ன அட்டவணை. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எண். ஒன்று வழக்கமான எல்லை, மற்றது மிஞ்சிப்போனால் இவ்வளவு என்ற எல்லை. கார்பனும் கார்பனும் என்றால் 3.2 ஆங்ஸ்ட்ராம், ரொம்ப நெருக்கினால் 3.0.

காலை எட்டரை மணி மூர்மார்க்கெட் லோக்கலில் கொரட்டூரில் ஏறிப் பாருங்க, புரியும். தெரியாத ஆள் என்றால் எவ்வளவு நெரிசலானாலும் ஓர் அளவுக்கு மேல் ஒட்ட முடியாது, முழங்கை இடிக்கும். கை கோத்து நிற்பவர்கள் கணக்கு வேறு. அணுக்களும் அப்படித்தான்: பிணைப்பு இருந்தால் ஒரு தூரம், இல்லாவிட்டால் இன்னொரு தூரம். நடுவில் வெற்றிடம்.

அட்டவணை கையில் வந்ததும் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து கேள்வியைப் பெரிதாக்கினார். கொலாஜனை விடுங்க, எந்தப் புரதமாக இருந்தாலும் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம்? பெப்டைடு பிணைப்பு தட்டையான பலகை மாதிரி என்று லினஸ் பாலிங் காட்டியிருந்தார். பலகைகள் ஆல்ஃபா கார்பனில் சேர்கின்றன. அந்த இடத்தில் இரண்டு கீல். ஒன்றின் திருப்பம் ஃபை, மற்றதன் திருப்பம் சை. இரண்டு கோணத்தையும் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எந்த இரண்டு அணுவாவது அட்டவணை எல்லையைத் தாண்டி நெருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கைக்கு எட்டாத காலம். கணக்கு முடிந்தபோது படத்தில் முக்கால்வாசிக்கும் மேல் அடைபட்டிருந்தது. மிச்சமிருந்த சில தீவுகளில்தான் ஆல்ஃபா ஹீலிக்ஸ், பீட்டா ஷீட் எல்லாம் உட்கார்ந்திருந்தன. 1963-இல் ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜியில் வெளிவந்தது. அதுதான் நாம் எக்ஸாமில் வரைகிற ராமச்சந்திரன் ப்ளாட்.

இதில் எனக்குப் பிடித்தது அதன் தேதி. 1963-இல் அணு அளவில் வடிவம் தெரிந்த புரதம் என்று சொல்ல மயோகுளோபினைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. நிலத்தைப் பார்க்காமல் வரைபடத்தைப் போட்டுவிட்டார்கள். புரத வடிவங்களுக்கான பொதுக் களஞ்சியமான பிடிபி 1971-இல் ஏழே ஏழு வடிவங்களோடு தொடங்கியது, இன்று இரண்டு லட்சத்துக்கு மேல். இப்போதும் புதிதாக ஒரு வடிவம் போட்டால் அது சரியா என்று முதலில் சோதிப்பது இந்தப் ப்ளாட்டை வைத்துத்தான். தீவுக்கு வெளியே புள்ளி விழுந்தால், ஒன்று நீங்கள் தப்பு, இல்லை அந்த இடத்தில் ஏதோ விசேஷம்.

இன்னொரு வேலையும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எக்ஸ்ரே படத்தில் ஒவ்வொரு புள்ளியின் பலம் மட்டும்தான் பதிவாகும். அந்த அலை எந்த நேரத்தில் வந்தது என்ற விவரம், அதாவது ஃபேஸ், தொலைந்துவிடும். அது இல்லாமல் அணுக்களின் இடத்தைக் கணக்கிட முடியாது. சில அணுக்கள் எக்ஸ்ரேயைச் சிதறடிக்கும்போது சற்றுத் தாமதித்து அனுப்பும். அதனால் சமமாக இருக்க வேண்டிய ஜோடிப் புள்ளிகளுக்குள் சின்ன வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்திலிருந்து தொலைந்த ஃபேஸை மீட்கும் ஒரு வழியை ராமச்சந்திரனும் அவரிடம் இருந்த எஸ். ராமனும் 1956-இல் கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். இவர் சர் சி.வி. இல்லை, வேறு ராமன்.

கந்தகத்துக்கும் இந்தக் குணம் உண்டு, ஆனால் ரொம்ப மெலிதாக, ஒரு சதவீதம் அளவில். அதையும் பிடிக்க முடியும் என்று 1981-இல் ஹெண்ட்ரிக்சனும் டீட்டரும் காட்டினார்கள். எடுத்துக்கொண்ட புரதம் கிராம்பின், வெறும் 46 அமினோ அமிலம். அதில் ஆறு சிஸ்டீன், மூன்று டைசல்ஃபைடு. அந்தக் கந்தகங்களின் மெல்லிய குரலை வைத்தே முழு வடிவமும் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், ராமச்சந்திரன் பெயர் வாங்கிய முதல் வகைக் கொலாஜனின் முறுக்குப் பகுதியில் சிஸ்டீனே கிடையாது. கூட்டாளி கர்த்தாதான் அந்தப் பக்கம் போனார். அமெரிக்காவில் பெல்லோ, ஹார்க்கர் இருவருடன் சேர்ந்து 1967-இல் ரைபோநியூக்ளியேஸின் வடிவத்தைக் கண்டார். அதில் எட்டு சிஸ்டீன், நான்கு பிணைப்பு. எட்டுப் பேரை இரண்டிரண்டாக ஜோடி சேர்க்க 105 வழி இருக்கிறது, அந்தப் புரதம் ஒவ்வொரு தடவையும் ஒரே வழியைத் தேர்ந்தெடுக்கிறது.

1969-இல் முதலியார் பதவி முடிந்தது. அடுத்த வருஷம் ராமச்சந்திரனும் சென்னையை விட்டார். பெங்களூரில் மாலிக்யுலர் பயோபிசிக்ஸ் பிரிவைத் தொடங்கினார், இடையிடையே சிகாகோவிலும் பாடம் எடுத்தார். 1971-இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் உருவத்தைச் சீக்கிரமாகக் கட்டும் கணக்கு ஒன்றை வெளியிட்டார். சிடி ஸ்கேன் படத்துக்கு அது அடிப்படை. ஈசிஈ மக்களே, மேட்லாபில் ஐரேடான் கமாண்ட் அடித்தால் டிஃபால்ட்டாக ராம்-லாக் ஃபில்டர் என்று வரும் இல்லையா? அந்த ராம் இவர், லாக் அவர். 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999-இல் படிகவியலின் பெரிய விருதான எவால்டு பரிசு. நோபல் வரவில்லை. கடைசி வருஷங்களில் பார்க்கின்சன் நோய் வாட்டியது. 1998-இல் மனைவி ராஜலட்சுமி இறந்தார். 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் அவரும் காலமானார்.

சரி, சிஸ்டீனுக்குத் திரும்ப வருவோம். நெருக்கத்தை அளக்கும் பழக்கம் ராமகிருஷ்ணனை விடவில்லை. ப்ளாட்டில் பெயர் இருந்த அதே ராமகிருஷ்ணன், பெங்களூரில் பி. பலராம், ஆர். சௌதாமினி, என். சீனிவாசன் ஆகியோரோடு சேர்ந்து 1980-களின் கடைசியில் டைசல்ஃபைடுகளைக் கையில் எடுத்தார். ஒரு புரதத்தில் எந்த இரண்டு இடத்தில் சிஸ்டீனை வைத்தால் இடிக்காமல் பிணைப்பு அமையும் என்று கணிக்கும் மோடிப் என்ற முறை அதில்தான் பிறந்தது. கோத்திருக்கும் இரண்டு கந்தகத்துக்கு இடையே 2.05 ஆங்ஸ்ட்ராம். சும்மா நிற்பவை என்றால் சுமார் 3.6. அந்தப் பிணைப்பின் திருப்பக் கோணம் 90 டிகிரியை ஒட்டி இருக்கும்.

அப்படியென்றால் ஒரு படிகத்தில் 2.8 என்று வந்தால்? அதுதான் சிக்கலான இடம். பெரும்பாலும் எக்ஸ்ரேயே செய்த வேலை. வலுவான சிங்க்ரோட்ரான் கதிர் பட்டால் டைசல்ஃபைடுதான் முதலில் உடையும் என்று 2000-இல் பல குழுக்கள் காட்டின. பாதி மூலக்கூறுகளில் உடைந்தும் பாதியில் சேர்ந்தும் இருந்தால், சராசரியாக அந்தரத்தில் ஓர் எண் வரும். புரதத்தைப் பார்க்க அடித்த வெளிச்சமே அதை ரிடக்ஷன் பண்ணிவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கந்தகம் இன்னொரு கந்தகத்தைப் பிடிக்காமல் ஆக்ஸிஜனைப் பிடிக்கலாம். ஒரு ஆக்ஸிஜன் என்றால் சல்ஃபெனிக், இரண்டு என்றால் சல்ஃபினிக், மூன்று என்றால் சல்ஃபோனிக் அமிலம். ஆக்ஸிடேஷன் எண்ணில் சொன்னால் சாதா சிஸ்டீனுக்கு -2, டைசல்ஃபைடில் -1, பிறகு 0, +2, +4. சல்ஃபோனிக் வரை போய்விட்டால் செல்லால் திரும்பக் கொண்டுவர முடியாது. பிடிபி ஃபைலில் இந்த மூன்றுக்கும் சி.எஸ்.ஓ., சி.எஸ்.டி., ஓ.சி.எஸ். என்று தனித்தனிப் பெயர். 2003-இல் இன்சுலின் சிக்னலை அணைக்கும் பிடிபி-1பி என்ற என்சைமின் படிகத்தில் யாரும் எதிர்பார்க்காத இன்னொன்று தெரிந்தது. 215-ஆவது சிஸ்டீனின் கந்தகம் ஆக்ஸிடேஷன் ஆகி, பக்கத்து செரீனின் முதுகெலும்பு நைட்ரஜனையே பிடித்து வளையமாகியிருந்தது. இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்து நேச்சரில் எழுதின. தூரத்தை அளந்ததால் பிடிபட்ட விஷயம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டாக்கிங் பண்ணப் போகிறவர்களுக்கு இதனால் ஒரு விஷயம். பிடிபி ஃபைலை இறக்கியதும் தண்ணீரையும் லிகண்டையும் எடுக்க, ஹெட்-ஆட்டம் வரிகளை மொத்தமாக டெலிட் பண்ணச் சொல்லி யூட்யூபில் காட்டுவாங்க. நானும் அப்படித்தான் செய்தேன். ஆக்ஸிடேஷன் ஆன சிஸ்டீனும் ஹெட்-ஆட்டம் என்றுதான் எழுதியிருக்கும். ஆக்டிவ் சைட்டின் நடுவிலிருந்த சிஸ்டீனைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையில் மருந்து அருமையாக உட்காருகிறது என்று இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தேன். சங்கிலி நடுவில் அறுந்திருந்ததை ராமச்சந்திரன் ப்ளாட் போட்டபோதுதான் பார்த்தேன், ஓர் அமினோ அமிலம் கணக்கில் குறைந்தது.

நீங்களும் ஒரு தடவை அளந்து பாருங்க, லேப்டாப் போதும். பைமாலில் 1 சி.ஆர்.என். என்ற ஃபைலைத் திறங்க. கிராம்பின் வரும். 3-ஆவது சிஸ்டீனுக்கும் 40-ஆவதுக்கும், 4-க்கும் 32-க்கும், 16-க்கும் 26-க்கும் இடையே கந்தகத்திலிருந்து கந்தகத்துக்குத் தூரம் அளங்க. அப்படியே ஃபை, சை கோணங்களையும் எடுத்து, கிளைசீன்கள் எங்கே போய் நிற்குதுன்னு தேடுங்க.